வண்டி ஓட்டாதவரை வைத்து வீடு தேடுங்கள்

கும்பகோணத்திலோ பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ வீடு பார்க்கப் போனால், புரோக்கர் முதலில் அழைத்துப்போவது ஊருக்கு வெளியே போட்ட மனைப்பிரிவுக்குத்தான். அகலமான சாலை, வாசலில் கார் நிறுத்த இடம், போர் தண்ணீர். பஸ் ஸ்டாண்டுக்குப் பத்தே நிமிஷம் என்பார். அந்தப் பத்து நிமிஷம் பைக்கில் போகிறவருடையது. நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறவர்கள், ஓய்வுபெற்று வருகிறவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள், பிள்ளைகள் படிப்புக்காகக் கிராமத்தைவிட்டு வருகிறவர்கள் என்று சிறு நகரங்களில் இன்று வீடு தேடுகிறவர்கள் பல வகை. எல்லோருக்கும் பொதுவானது, கையில் இருக்கும் பணம் அளவானது என்பது. கட்டுப்படியாகும் செலவில், நடந்தே காரியங்களை முடித்துக்கொள்ளக்கூடிய பகுதி இந்த ஊர்களில் கிடைக்குமா, கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது என்பதைப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வண்டி ஓட்டாதவர் யாரோ, அவருக்கு ஏற்ற பகுதிதான் அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற பகுதி. எழுபது வயது அம்மாவாக இருக்கலாம், ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம், லைசென்ஸ் எடுக்காத மனைவியாக இருக்கலாம். வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த இடமும் பக்கம்தான். அவரைக் கேட்டு முடிவெடுத்தால் விடை தவறாகிவிடும்.

நடை தூரத்தை வைத்துக் குடியிருப்பை அளப்பது நகரமைப்புத் துறையில் பழைய பழக்கம். 1929-இல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பெர்ரி, தொடக்கப்பள்ளியை நடுவில் வைத்து, சுமார் கால் மைல் ஆரத்துக்குள் வீடுகள் அமையும்படி ஒரு குடியிருப்பை வரைந்து காட்டினார். 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ், கடையும் வீடும் கலந்து கிடக்கும் தெருவில் ஆள் நடமாட்டமே காவலாக இருக்கிறது என்று வாதாடினார். அண்மையில் கார்லோஸ் மொரேனோ முன்வைத்த பதினைந்து நிமிட நகரம் என்ற எண்ணத்தைப் பாரிஸ் நகர நிர்வாகம் கையில் எடுத்துக்கொண்டது. இவற்றில் நமக்கு உதவுகிற கருத்துகள் உண்டு. ஆனால் அங்கே நடப்பதை ஒரு விருப்பமாக மீட்டெடுக்கப் பார்க்கிறார்கள். இங்கே அது இன்னும் பலருடைய அன்றாடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலை செய்கிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனார்கள். கார், ஜீப், வேன் வகையில் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அப்படியிருந்தும் புதிதாகப் போடும் மனைப்பிரிவு ஒவ்வொன்றும் எல்லோரிடமும் வண்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே போடப்படுகிறது.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் இறுகக் கட்டிய ஊர். 2021-இல் தாராசுரம் பேரூராட்சியையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து மாநகராட்சி ஆவதற்கு முன், பழைய நகராட்சியின் பரப்பு 13 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் 2011-இல் சுமார் 1.4 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். சாரங்கபாணி கோயிலுக்கும் கும்பேசுவரர் கோயிலுக்கும் இடையில் பொற்றாமரைக் குளம். ராமசாமி கோயிலையும் சக்கரபாணி கோயிலையும் இணைத்துக்கொண்டு நாயக்கர் காலத்தில் அமைந்த கடைத்தெரு. கோயிலைச் சுற்றி நான்கு வீதி, வீதிக்குள் சந்து, சந்து முடிகிற இடத்தில் கடை என்ற அமைப்பு, மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்பே கால்களுக்காக வகுக்கப்பட்டது. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டிலிருந்து அவர் படித்த டவுன் ஹைஸ்கூல் நடந்துபோகும் தூரம்தான். இன்றும் அந்தத் தெருவில் குடியிருக்கும் பிள்ளை பள்ளிக்கு நடந்து போகலாம்.

என் பெரியம்மா ஒருவர், மகன் கட்டிய வீட்டில் சில வருஷம் நெடுஞ்சாலையை ஒட்டிய மனைப்பிரிவில் இருந்துவிட்டு, பிறகு கும்பேசுவரர் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில் வாடகைக்கு வந்துவிட்டார். மனைப்பிரிவில் இருந்தபோது மாத்திரை தீர்ந்துபோனால் மகன் வேலைவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பாஸ்புக்கில் என்ட்ரி போடுவதற்குக்கூட ஒருவரைக் கெஞ்ச வேண்டும். இப்போது காலையில் கீரைக்காரம்மா வாசலில் கூடையை இறக்குகிறார். ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டது என்று எதிர்வீட்டுப் பெண் சொல்லிவிட்டுப் போகிறாள். பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு தானே போய் வாங்கி வருகிறார். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வழியில் உட்காரத் திண்ணைகள் இருக்கின்றன, உட்கார்ந்தால் பேச ஆள் இருக்கிறது.

அதனால் ஒரு பகுதியைப் பார்க்கப் போகும்போது பார்க், மால், இன்டர்நேஷனல் ஸ்கூல் எவ்வளவு தூரம் என்று கேட்பதை விட்டுவிட்டு, சின்ன விஷயங்களை விசாரிக்கலாம். ரேஷன் கடை, ஆவின் பூத், மெடிக்கல், வங்கிக் கிளை, மாவு மில், இஸ்திரி போடுகிறவர், அங்கன்வாடி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை எங்கே இருக்கின்றன? வாரத்தில் பலமுறை போக வேண்டியவை பத்து நிமிட நடைக்குள் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை போகிற துணிக்கடை எட்டத்தில் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. தள்ளுவண்டிக்காரர்கள் வருகிற தெருவா என்பதும் முக்கியம். வாசலுக்கே காய் வருகிற தெருவில் நடக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

இப்போது பணம். வாடகை குறைவு என்பதால்தான் பலரும் வெளியே போகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். சிகாகோவில் இயங்கும் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு என்ற பழைய வரம்பு போதாது, வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்று சொல்கிறது. சதவீதம் நமக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், இரண்டையும் ஒன்றாகக் கூட்டுகிற முறை பொருந்தும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஊருக்குள் 9,000 ரூபாய் வாடகை, ஆறு கிலோமீட்டர் வெளியே 6,500 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2,500. கணவர் காலையில் ஊருக்குள் வந்து மாலையில் திரும்ப 12 கிலோமீட்டர். பிள்ளைக்காகவும் கடைக்காகவும் மனைவி ஒருமுறை வந்துபோக இன்னொரு 12. மாதத்தில் 26 நாள் என்றால் 624 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்குப் பதினான்கு லிட்டர் வேண்டும்; பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் 1,400 ஆயிற்று. இரண்டு பேர் தனித்தனியாகப் போவதால் இரண்டாவது ஸ்கூட்டர் அவசியமாகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் விலையுள்ள வண்டிக்கு மூன்று வருஷத் தவணை மாதம் மூவாயிரத்தைத் தாண்டும். இன்ஷூரன்ஸும் சர்வீஸும் டயரும் தனி. மிச்சம் பிடித்த 2,500 போய், கூடவே இன்னும் இரண்டாயிரம் கையைவிட்டுப் போகிறது. நடந்துபோகக்கூடிய இடத்தில் குடியிருந்தால் இரண்டாவது வண்டி தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய லாபம். பெட்ரோலில் மிஞ்சுவது அதற்கு அடுத்தபடிதான்.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது டவுன் பஸ். 2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் ஊருக்கு வெளியே வீடு எடுத்தே தீரவேண்டிய குடும்பம், டவுன் பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் பார்த்தால் செலவு பாதியாகக் குறையும். எத்தனை பஸ் ஓடுகிறது என்பதோடு, இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடையில் இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து வருகிற பெண்ணுக்கு அந்த ஒரு பஸ்தான் கணக்கு.

பழைய ஊரில் இவ்வளவு வசதி இருந்தும் மக்கள் ஏன் வெளியே போகிறார்கள்? காரணங்கள் நியாயமானவை. பழைய வீடுகள் ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒடுங்கி நீண்டவை; கழிப்பறை கடைசியில் இருக்கும். இரவில் எழுந்து அவ்வளவு தூரம் போவது வயதானவர்களுக்கு ஆபத்து. ஒரே வீட்டை மூன்று நான்கு போர்ஷனாகப் பிரித்து விடுவார்கள். அப்படிப்பட்ட போர்ஷனில் தனி மின் மீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது மீட்டருக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை நமக்கு வந்து சேராது, வாடகை குறைவு என்ற ஆறுதலும் நிற்காது.

வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் அடிமனை. கோயில் ஊர்களில் மேலே இருக்கும் கட்டடம் ஒருவருடையதாகவும் அதன் அடியில் இருக்கும் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாகவும் இருப்பது சாதாரணம். ஸ்ரீரங்கத்தில் இது பல வருஷமாகத் தீராத பிரச்சினை. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, கோயில் மனையை விற்க ஆணையரின் அனுமதி வேண்டும். வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் மட்டும் பார்த்தால் போதாது. டவுன் சர்வே பதிவேட்டின் நகலான டி.எஸ்.எல்.ஆர். எடுத்து மனை யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விலை வியக்கும்படி குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாடகைக்குப் போகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. அடிமனைச் சிக்கல் உள்ள தெருக்கள் வாடகைக்காரருக்கு நல்ல இடமாகவே அமையலாம்.

இதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் சைவம் மட்டும் என்று எழுதித் தொங்கவிடுகிறார்கள். எழுதாதவர்கள், நீங்க என்ன ஆளுங்க என்று நேரிலேயே கேட்கிறார்கள். தலித் குடும்பம், முஸ்லிம் குடும்பம், தனியாக வாழும் பெண், வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் என்று வாடகை கொடுக்க வசதி உள்ளவர்களுக்கும் கதவு திறப்பதில்லை. ஊரில் நடக்க மிகத் தகுந்த பகுதியிலிருந்து விலக்கப்படுகிறவர், வெளியே போய், மேலே சொன்ன வண்டிச் செலவைச் சாகும்வரை கட்டுகிறார். சாதிக்காக மாதாமாதம் செலுத்தும் வரி என்றே இதைச் சொல்வேன். இந்தத் தெருக்களின் அழகை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதையும் சேர்த்து எழுதக் கடமைப்பட்டவர்கள்.

டெல்டாவில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், தரையின் மேடு பள்ளம். முன்னோர் குடியிருந்த நத்தம் மேட்டில் இருக்கும். சுற்றி நஞ்சை தாழ்ந்திருக்கும். இன்றைய மனைப்பிரிவுகளில் பல அந்த நஞ்சையில் மண்ணடித்துப் போட்டவை. வாய்க்காலை மூடிச் சாலை போட்ட இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் போக வழியிருக்காது. வீட்டின் தளத்தை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், உள்ளே தண்ணீர் வராது. ஆனால் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும், நடப்பதாவது. அதனால் மழைக்காலத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. முடியாவிட்டால் மதில் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கு விட்ட இடம் தரையில் இருக்கிறதா, முள்ளும் குப்பையுமாகக் கிடக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையை ஒட்டிய மனைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். பால் வாங்க பைபாஸைக் குறுக்கே கடக்க வேண்டும் என்றால், அந்த வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய ஊர், வெளி மனைப்பிரிவு இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் இருக்கிறது. இடத்தை அலசுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊர் வளர்ந்தபோது போட்ட தெருக்களும், 1961-இல் தொடங்கிய வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்புகளும்தான் அவை. பாளையங்கோட்டையின் பெருமாள்புரம், தஞ்சாவூரின் ஹவுசிங் யூனிட் போன்ற இடங்களில் பள்ளிக்கும் கடைக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருப்பார்கள். மரங்கள் வளர்ந்து நிழல் வந்துவிட்டது, பஸ் ரூட் நிலைத்துவிட்டது, அண்ணாச்சி கடையும் டெய்லரும் வந்து சேர்ந்தாகிவிட்டது. வீடு பழசு, பெயிண்ட் உரிந்திருக்கும், அதனால்தான் வாடகை அடக்கம். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கும். பல சாதிக்காரர்கள் கலந்து வாழ்வது இங்கே அதிகம். அரசு ஒதுக்கீட்டில் வந்த வீடுகள் என்பது அதற்கு ஒரு காரணம். கும்பகோணத்தில் இதற்கு இணையாக நான் பார்ப்பது, ரயில் நிலையத்துக்கும் மகாமகக் குளத்துக்கும் இடைப்பட்ட உள்தெருக்களையும், காய்கறி மார்க்கெட் இருக்கும் தாராசுரத்தையும். நவக்கிரக யாத்திரை வேன்கள் குளத்தங்கரையை அடைத்துக்கொள்ளும் மாதங்களில் முதல் பகுதி சற்றுத் திணறும். தாராசுரத்தில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் வேலை நகரத்துக்குள் என்றால் பஸ் ஏறியாக வேண்டும். பணம் அளவாக உள்ள குடும்பத்துக்கு முதலில் இந்த நடு வளையத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

தூரம் சரியாக இருந்தும் நடக்க முடியாத தெருக்கள் உண்டு. நடைபாதையில் தடையின்றிக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டி சொல்கிறது. நம் தெருக்களில் நடைபாதை என்பது சாக்கடை மேல் போட்ட சிலாப்தான். அந்தச் சிலாப்பின் மேல் ஒரு நூறடி தூரம் நடந்து பாருங்கள். முதல் வீட்டுக்காரர் வண்டி ஏற்றச் சாய்தளம் கட்டியிருப்பார், ஏறி இறங்க வேண்டும். அடுத்தவர் இரண்டு ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பார், சாலையில் இறங்க வேண்டும். மூன்றாவது வீட்டின் எதிரே சிலாப் உடைந்து, உள்ளே கறுப்புத் தண்ணீர் தெரியும். யாரோ ஒரு வேப்பங்கிளையைச் செருகி அடையாளம் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர். இருட்டியபின் இதே நூறடியை அம்மாவோடு ஒருமுறை நடந்தால், அந்தத் தெருவைப் பற்றி வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் கூட்டமாக எங்கே படுத்திருக்கின்றன, டாஸ்மாக் கடை வழியில் வருகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். சித்திரை வெயிலுக்கு ஒரு புங்கை மரம் செய்வதை எந்தச் சாலையும் செய்யாது. நிழல் இருக்கும் பக்கம் எது என்பதைப் பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

உடனே வாங்காதீர்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். வாடகைக்கு ஒரு வருஷம் இருந்து, மழையும் வெயிலும் திருவிழாவும் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்டால் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பேசுங்கள். முழுதாகக் குறையாவிட்டாலும் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

குடிபோன பிறகும் தெருவைச் சீர்படுத்த வழி இருக்கிறது. 2022 நவம்பர் முதல் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் தார்ச்சாலையும் குடிநீரும் கேட்கிறார்கள். உடைந்த சிலாப்பைப் பற்றி யாரும் மனு கொடுப்பதில்லை. கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. விழாவுக்கென்று ஒதுக்கும் பணம் பெரிய சாலைகளுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் மட்டும் போய்விடாமல், சன்னதித் தெருக்களின், ரயிலடிப் பக்கத்துச் சந்துகளின் சாக்கடை மூடிகளும் தெருவிளக்குகளும் அந்தப் பணிப் பட்டியலில் ஏற வேண்டும். அதற்கான மனுவை அந்தந்த வார்டுக்காரர்கள் இப்போதே எழுதிக் கொடுக்கலாம்.